சர்க்காரின் பெரிய வக்கீல் யாருக்கு வக்கீல்?

காலை நேரம். செவ்வாப்பேட்டை ரோடு ரெயில் நிலையம். சென்னைக்குப் போகும் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கூடையுடன் வியாபாரத்துக்குப் போகும் பெண்கள் என்று ஒரே கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், கூடவே சர்க்காரிடமிருந்து வந்த ஒரு நோட்டீஸ். அவருடைய இரண்டு ஏக்கர் நிலம் தொழிற்சாலை கட்டத் தேவைப்படுகிறதாம். அதைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறதாம்.

திருவள்ளூர் மாவட்டத்து மக்களுக்கு இது விளங்காத விஷயம் அல்ல. காக்களூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் இருக்கிறது. தொழில் வந்தால் வேலை வரும். ஆனால் தொழிலுக்கு நிலம் வேண்டும். நிலம் யாருடையதோ அவர் வயிறு எரியாமல் இருக்க வேண்டும் அல்லவா?

விவசாயி ஐகோர்ட்டுக்குப் போகிறார். அவருக்கு ஒரு வக்கீல். எதிர்ப்பக்கத்தில் சர்க்கார் வக்கீல்கள். அவர்களுக்கெல்லாம் தலைவராக ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் "அட்வகேட் ஜெனரல்". "அரசு தலைமை வழக்கறிஞர்" என்று தமிழில் சொல்வார்கள்.

விவசாயி தன் வக்கீலிடம் கேட்கிறார்.

"ஐயா, அந்தப் பெரிய வக்கீலுக்குப் பணம் கொடுப்பது யார்?"

"சர்க்கார்."

"சர்க்காருக்குப் பணம் கொடுப்பது யார்?"

"வரி கட்டுகிற நாம்தான்."

"அப்படியானால் அவர் எனக்கும் வக்கீல்தானே?"

வக்கீல் சிரிக்கிறார். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. படித்தவர்களே பதில் சொல்லத் திணறுகிற கேள்வி.

பதவி எப்படிப்பட்டது?

இந்திய அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவு இந்தப் பதவியைப் பற்றிச் சொல்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அட்வகேட் ஜெனரல் உண்டு. அவரைக் கவர்னர் நியமிக்கிறார். ஐகோர்ட்டு நீதிபதி ஆவதற்கு என்ன தகுதி வேண்டுமோ, அந்தத் தகுதி இவருக்கும் வேண்டும். அதாவது ஐகோர்ட்டில் குறைந்தது 10 ஆண்டுகள் வக்கீலாக இருந்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டுகள் நீதித் துறையில் பதவி வகித்திருக்க வேண்டும்.

கவர்னர் நியமிக்கிறார் என்றாலும், யாரை நியமிப்பது என்று யோசனை சொல்வது மந்திரிசபைதான். அதனால்தான் ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரலும் மாறுகிறார். 2021-ம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. அதுவரை அட்வகேட் ஜெனரலாக இருந்த விஜய் நாராயண் விலகினார். ஆர். சண்முகசுந்தரம் வந்தார். இது சட்டத்தில் எழுதிய விதி அல்ல. வழக்கமாக நடந்து வருவது.

அவருடைய வேலை என்ன? ஒன்று, சர்க்காருக்குச் சட்ட யோசனை சொல்வது. இரண்டு, பெரிய வழக்குகளில் சர்க்காருக்காக வாதாடுவது. மூன்று, சட்டம் அவருக்கென்று கொடுத்திருக்கும் தனி வேலைகளைச் செய்வது.

இந்த மூன்றாவது வேலை பலருக்குத் தெரியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவைப் பாருங்கள். ஒரு தொழிற்சாலையின் புகையோ கழிவுநீரோ ஊர் முழுவதற்கும் தொல்லை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனக்கென்று தனி நஷ்டம் எதையும் காட்டாமலே, ஊருக்காக அட்வகேட் ஜெனரல் கோர்ட்டில் வழக்குப் போடலாம். கோர்ட்டின் அனுமதி பெற்றுப் பொதுமக்களில் இரண்டு பேரும் போடலாம். அடுத்த 92-வது பிரிவு தர்மச் சொத்துகளைப் பற்றியது. சத்திரத்துக்கும் அன்னதானத்துக்கும் எழுதி வைத்த சொத்தை ஒருவர் விழுங்கினால், அதைக் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

மந்திரிக்காக மட்டும் வாதாடுகிறவர் என்றால், இந்த வேலைகளைச் சட்டம் ஏன் அவரிடம் கொடுக்க வேண்டும்? ஊருக்குக் கேடு வந்தால் ஊருக்காகப் பேசவும் அவர் வேண்டும் என்பதால்தான்.

கட்சிக்காரர் யார்?

வக்கீல் தொழிலில் "கட்சிக்காரர்" என்று ஒரு சொல் உண்டு. வக்கீலை அமர்த்திக்கொண்டவர்தான் கட்சிக்காரர். நாம் ஒரு வக்கீலை வைத்தால், அவர் நம் பக்கம் நின்று பேச வேண்டும். அது அவருடைய கடமை.

அட்வகேட் ஜெனரலின் கட்சிக்காரர் யார்? முதல்-மந்திரியா? ஆளும் கட்சியா? இல்லை. மாநிலம்தான் அவருடைய கட்சிக்காரர். மந்திரிகள் வருவார்கள், போவார்கள். மாநிலம் அப்படியே இருக்கும்.

சாதாரண வழக்கில் ஜெயிப்பதுதான் நோக்கம். சர்க்காருக்கு அது மட்டும் போதாது. குடிமகனை எப்படியாவது தோற்கடித்துவிட வேண்டும் என்று சர்க்கார் நினைக்கக் கூடாது. அது நேர்மையான வழக்காளியாக நடந்துகொள்ள வேண்டும் என்று 1973-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஒரு தீர்ப்பில் எடுத்துச் சொன்னார். ரெயில்வே ஊழியர் ஒருவருடைய வழக்கில் வந்த தீர்ப்பு அது.

சொல்வது சுலபம். செய்து காட்டியவர்கள் உண்டா? உண்டு. தவறியவர்களும் உண்டு. பழைய கதைகள் மூன்றைப் பார்ப்போம்.

தோற்றாலும் குற்றம் இல்லை

முதல் கதை நம் சென்னையில் நடந்தது. மருத்துவக் கல்லூரியிலும் என்ஜினீயரிங் கல்லூரியிலும் இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் உத்தரவு அந்த நாளில் இருந்தது. 14 இடம் என்றால் இன்ன வகுப்புக்கு இத்தனை என்று கணக்கு. இதை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணியும் இன்னொருவரும் ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 1950-ல் சர்க்கார் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று.

அங்கே சென்னை அட்வகேட் ஜெனரல் வி. கே. திருவேங்கடாச்சாரி சர்க்காருக்காக வாதாடினார். 1951-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி தீர்ப்பு வந்தது. மறுபடியும் சர்க்கார் தோற்றது.

பிறகு என்ன நடந்தது? தீர்ப்பை மீறி உத்தரவை நடத்தவில்லை. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி எழுந்தது. பார்லிமெண்டு கூடி, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தையே திருத்தியது. பிற்பட்ட வகுப்பாருக்குத் தனிச் சலுகை கொடுக்கலாம் என்ற 15(4) பிரிவு அப்படி வந்ததுதான். இன்று எத்தனையோ ஏழைக் குடும்பங்களில் டாக்டரும் என்ஜினீயரும் இருப்பதற்கு அந்தத் திருத்தம் ஒரு காரணம்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சர்க்கார் வக்கீல் வழக்கில் தோற்பது குற்றம் அல்ல. சட்டம் இடம் தராவிட்டால், "இடம் இல்லை" என்று தெரிவதே லாபம். அப்போதுதான் சரியான வழியைத் தேட முடியும்.

மந்திரியைக் காப்பாற்றவில்லை

இரண்டாவது கதை டில்லியைப் பற்றியது. மாநிலத்துக்கு அட்வகேட் ஜெனரல் போல, மத்திய சர்க்காருக்கு "அட்டர்னி ஜெனரல்" உண்டு. முதல் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர் எம். சி. சீதல்வாட். 1950 முதல் 1963 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

1957-ல் எல்.ஐ.சி. நிறுவனம், முந்திரா என்ற தொழிலதிபரின் 6 கம்பெனிகளில் சுமார் 1¼ கோடி ரூபாய் போட்டது. மக்கள் கட்டிய இன்ஷூரன்ஸ் பணம் அது. பெரோஸ் காந்தி இதைப் பார்லிமெண்டில் கிளப்பினார். பிரதமர் நேருவுக்கு மருமகன் அவர். ஆளும் கட்சி எம்.பி.யும்கூட. பம்பாய் ஐகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா விசாரித்தார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. கேட்பதற்கு ஜனங்கள் திரண்டார்கள்.

அப்போது நிதி மந்திரியாக இருந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. விசாரணையில் கமிஷனுக்கு உதவியாக வந்து நின்றவர் அட்டர்னி ஜெனரல் சீதல்வாட். சர்க்காரின் வக்கீல் சர்க்காரின் மந்திரியைக் காப்பாற்றுவார் என்றுதானே நினைக்கத் தோன்றும்? அவர் அப்படிச் செய்யவில்லை. மந்திரி பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்ற பக்கமே நின்றார். கீழே உள்ள அதிகாரி செய்ததற்கும் மந்திரியே பொறுப்பு என்று சாக்ளா முடிவு சொன்னார். 1958-ல் டி. டி. கே. பதவி விலகினார்.

டி. டி. கே. திறமைசாலி. பிற்பாடு மறுபடியும் மத்திய மந்திரி ஆனார். அது வேறு விஷயம். சீதல்வாட் தன் பதவியை மந்திரிக்குக் குடையாகப் பிடிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அதற்குப் பிறகும் அவர் 5 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார்.

வாய் திறந்து சொன்ன பதில்

மூன்றாவது கதை கசப்பானது. 1975-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணை இல்லாமல் ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். "எங்களை ஏன் பிடித்தீர்கள் என்று கோர்ட்டில் கேட்கலாமா, கூடாதா?" என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது.

சர்க்காருக்காக அட்டர்னி ஜெனரல் நிரேன் டே வாதாடினார். நீதிபதி எச். ஆர். கன்னா அவரைப் பார்த்து ஒன்று கேட்டார். சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட, கோர்ட்டில் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும் வரை கிடையாது என்று நிரேன் டே பதில் சொன்னார். தன் மனசாட்சிக்கே அது அதிர்ச்சி தருவதுதான் என்றும் ஒப்புக்கொண்டார்.

1976 ஏப்ரல் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் சர்க்கார் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். சர்க்கார் ஜெயித்தது. ஆனால் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே அந்தத் தீர்ப்பைத் தவறு என்று சொல்லித் தள்ளிவிட்டது.

அதே 1975-ல் மத்திய சர்க்காரின் கூடுதல் சொலிசிடர் ஜெனரலாக இருந்தவர் பாலி நாரிமன். நெருக்கடி நிலை வந்த மறுநாளே அவர் ராஜினாமா செய்தார். ஒரே சர்க்கார், ஒரே நெருக்கடி. ஒருவர் பதவியில் இருந்து வாதாடினார். இன்னொருவர் பதவியை விட்டு வெளியே வந்தார்.

சர்க்காரின் பெரிய வக்கீல் எந்த வாதத்தைச் சொல்கிறார் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எந்த வாதத்தைச் சொல்ல மறுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

யார் கேட்பது?

எல்லோரும் சீதல்வாட் ஆகிவிட மாட்டார்கள். மனிதரை நம்பி மட்டும் நாட்டை நடத்த முடியாது. அட்வகேட் ஜெனரல் தவறினால் யார் கேட்பது?

முதலில் கோர்ட்டு கேட்கலாம். "நீ எந்த அதிகாரத்தில் இந்தப் பதவியில் இருக்கிறாய்?" என்று கேட்டு எந்தக் குடிமகனும் ரிட் மனுப் போடலாம். அரசியல் சட்டம் வந்த புதிதில், மத்தியப் பிரதேசத்து அட்வகேட் ஜெனரலுக்கு 60 வயது தாண்டிவிட்டது என்று ஒருவர் நாகபுரி ஐகோர்ட்டில் இப்படி மனுப் போட்டார். வயது தடை அல்ல என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை.

இரண்டாவது, சட்டசபை. 177-வது பிரிவின்படி அட்வகேட் ஜெனரல் சட்டசபைக்கு வந்து பேசலாம். ஓட்டுப் போட மட்டும் உரிமை இல்லை. ஆனால் பேசுவது அவருடைய உரிமை. வந்து பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை.

மூன்றாவது, மந்திரிசபை. கவர்னரின் விருப்பம் உள்ள வரைதான் பதவி. பிடிக்கவில்லை என்றால் எந்த நாளிலும் மாற்றிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. "இது சட்டப்படி செல்லாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியவர், அதைக் கேட்கிறவர்களின் தயவில் இருக்கிறார்.

நாலாவது, பொதுஜனங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அட்டர்னி ஜெனரல் அலுவலகமும் அதில் அடங்கும் என்று டில்லி ஐகோர்ட்டின் தனி நீதிபதி 2015-ல் தீர்ப்புச் சொன்னார். 2017-ல் அதே ஐகோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே அந்தக் கதவு பாதி மூடியே இருக்கிறது.

வெளிநாடுகளில் எப்படி?

மற்ற நாடுகள் இதற்கு என்ன வழி கண்டிருக்கின்றன? அமெரிக்காவில் 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு அட்டர்னி ஜெனரலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர் சர்க்காரில் ஒருவர். பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இலங்கையில் 2002-ம் ஆண்டுச் சட்டப்படி, விசாரணை நடத்தி, பார்லிமெண்டு தீர்மானம் போட்டுத்தான் அட்டர்னி ஜெனரலை நீக்க முடியும்.

ஒவ்வொன்றிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தேர்தலில் நின்றால் ஓட்டுக்காகப் பேசத் தோன்றும். அசைக்க முடியாத பதவி என்றால் அலட்சியம் வரும். நம் நாட்டு முறையில் பயம்தான் அதிகம்.

நிலத்துக்கு வருவோம்

இதெல்லாம் நம் செவ்வாப்பேட்டை விவசாயிக்கு எதற்கு? காரணம் இருக்கிறது.

தொழிலுக்காக நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1997-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2013-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் போட்டது. அதில் நஷ்டஈடு அதிகம். நிலம் எடுத்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று முதலில் ஆராய வேண்டும் என்ற விதியும் உண்டு. பழைய மாநிலச் சட்டத்தில் அந்த ஆராய்ச்சி இல்லை. ஆனாலும் தனியாக ஒரு பிரிவைச் சேர்த்துப் பழைய சட்டத்தையே தமிழ்நாடு நடத்தி வந்தது.

2019 ஜூலை 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு, மத்தியச் சட்டத்துக்கு முரணாகிப் பழைய சட்டம் செல்லாமல் போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. உடனே சட்டசபை அதற்கு உயிர் கொடுக்க இன்னொரு சட்டம் போட்டது. ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. 2021 ஜூன் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தப் புதிய சட்டம் செல்லும் என்று சொன்னது.

ஆக, இடையில் எத்தனை ஆண்டுகள்! நிலத்துக்காரர் உழுவதா, விற்பதா, வீடு கட்டுவதா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்காரரும் காத்திருக்க வேண்டும். சட்டம் செல்லுமா, செல்லாதா என்று சர்க்காருக்கு முன்கூட்டியே சொல்வதற்குத்தானே அட்வகேட் ஜெனரல் இருக்கிறார்? அவர் சொல்லும் யோசனை ரகசியம். சரியான யோசனை சொல்லி மந்திரிகள் கேட்கவில்லையா, யோசனையே தவறா என்று ஊராருக்குத் தெரிய வழி இல்லை. தவறு யாருடையது என்று தெரியாத இடத்தில், யாரையும் கேட்க முடியாது.

என்ன செய்யலாம்?

வழக்கு நடக்கும்போது வக்கீலின் யோசனையை வெளியே சொல்ல முடியாதுதான். அது நியாயம். ஆனால் வழக்கு முடிந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் ஏன் மறைக்க வேண்டும்? பொதுமக்களின் நிலத்தையும் பணத்தையும் பற்றிய யோசனைகளையாவது வெளியிடலாம்.

பெரிய சட்டம் ஒன்று கொண்டுவரும்போது, அட்வகேட் ஜெனரல் சட்டசபைக்கு வந்து அது செல்லுமா என்று விளக்கலாம். அதற்கு 177-வது பிரிவே போதும். புதிய சட்டம் வேண்டாம்.

பதவிக் காலத்தின் நடுவில் அவரை மாற்றினால், காரணத்தைச் சட்டசபையில் சொல்லலாம்.

அவருக்குக் கீழே வேலை செய்யும் சர்க்கார் வக்கீல்களைத் தகுதி பார்த்து, நேர்மையான முறையில் பொறுக்க வேண்டும் என்று பஞ்சாப் வழக்கு ஒன்றில் 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கட்சிக்கு வேண்டியவர் என்பது ஒரு தகுதி ஆகாது. கீழே இருப்பவர்களுக்குச் சொன்ன நியாயம் மேலே இருப்பவருக்கும் பொருந்தும்தானே?

மாலை ஆகிறது. விவசாயி மறுபடியும் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறார். வழக்கு வாய்தா போட்டுவிட்டார்கள். மஞ்சள் பை அப்படியே இருக்கிறது.

அவர் காலையில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆமாம் ஐயா, அந்தப் பெரிய வக்கீல் உமக்கும் வக்கீல்தான். உம்முடைய வழக்கில் உமக்கு எதிராகவே அவர் பேசலாம். அது அவர் வேலை. ஆனால் பொய் சொல்லக் கூடாது. கையில் இருக்கும் காகிதத்தை மறைக்கக் கூடாது. சட்டம் உம் பக்கம் இருந்தால், "நிலத்துக்காரர் சொல்வது சரி" என்று சர்க்காரிடம் சொல்ல வேண்டும்.

அப்படி ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால், உம்முடைய இரண்டு ஏக்கருக்கு இரண்டு வக்கீல்கள். ஒருவர் நீர் வைத்தவர். இன்னொருவர் நாம் எல்லோரும் சேர்ந்து வைத்தவர்.